பள்ளியில் சேர்க்கத் தடுப்பூசி அட்டை கட்டாயமா? கட்டாயமாக்குவதுதான் சரியா?

நீங்கள் எழுதியதை எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மகனுக்கு மூன்றே முக்கால் வயது. எல்.கே.ஜி.க்கு விண்ணப்பம் வாங்கப் போன தனியார் பள்ளியில், தடுப்பூசி அட்டையின் நகல் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றிருக்கிறார்கள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்து, உடம்பில் லேசாகத் தடித்திருந்தது. அதில் பயந்து ஒன்றரை வயதில் போட வேண்டியதை விட்டுவிட்டீர்கள். அந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்று மைத்துனர் வேறு சொல்லியிருக்கிறார். பள்ளி இப்படிக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா, அமெரிக்காவைப் போல இங்கேயும் கட்டாயமாக்க வேண்டும் என்கிறார்களே அது சரியா என்று கேட்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் பட்டது: நான் பயந்தது குற்றமா, அதற்காக என் பிள்ளையின் படிப்பில் கை வைக்கலாமா? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் இருபத்தொன்பது ஆண்டுகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் தென்மாவட்டங்களில்தான் வேலை. புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதன்கிழமைகளைக் குழந்தைகளின் அழுகுரலுக்கு நடுவே கழித்திருக்கிறேன். மருத்துவத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சட்டம் என் படிப்பு அல்ல. வேலைக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

முதலில் சட்டம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இடம் உண்டு என்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தடுப்பூசி அட்டை இல்லை என்று சொல்லி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப அந்தச் சட்டம் வழி வைக்கவில்லை. உங்கள் மகன் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், மூன்றே முக்கால் வயது அந்தச் சட்டத்தின் வயது வரம்புக்குள் வரவில்லை. மழலையர் வகுப்புக்குத் தனியார் பள்ளிகள் தாங்களாகப் போடும் நிபந்தனைகளைக் கேட்பாரில்லை. ஆக, அட்டையைக் கேட்பது தவறல்ல, நல்லதுகூட. அட்டை இல்லாததைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துவதுதான் என் பார்வையில் தவறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த விவாதத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

நீதிமன்றங்களும் இதைத் தொட்டிருக்கின்றன. 2019 ஜனவரியில் டெல்லியில், பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியைப் பெற்றோர் சம்மதம் கேட்காமலே போடலாம் என்று இருந்த அரசு அறிவிப்பை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சம்மதம் வேண்டும், நன்மை தீமைகளைச் சொல்லியாக வேண்டும் என்றது. 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, தன் உடம்பின் மேல் ஒருவருக்குள்ள உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றது. அதே தீர்ப்பில், பொது நலனுக்காக அரசு நியாயமான, அளவுக்கு மீறாத கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் சொன்னது. அது கொரோனா ஊசி பற்றிய வழக்கு. அதை அப்படியே தட்டம்மைக்குப் பொருத்த முடியாது. கொரோனா ஊசி போட்டவரிடமிருந்தும் நோய் பரவியது அந்தத் தீர்ப்பில் கணக்கில் எடுக்கப்பட்டது. தட்டம்மை ஊசி பரவலையே அடைத்துவிடும்.

இனி அமெரிக்கா. நீங்கள் நினைப்பதைவிடப் பழைய கதை அது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1855-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி வேண்டும் என்று சட்டம் போட்டது. அதே மாநிலத்தில் ஊசி போட மறுத்த ஜேக்கப்சன் என்ற பாதிரியார் ஐந்து டாலர் அபராதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார், 1905-ல் தோற்றார். ஆனால் கவனியுங்கள், நீதிமன்றம் ஒப்புக்கொண்டது அபராதத்தைத்தான். கையைப் பிடித்து ஊசி போடலாம் என்று அது சொல்லவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 1970-களில் நடந்தது. 1976-ல் அலாஸ்காவில் தட்டம்மை பரவியபோது, ஏட்டில் மட்டும் இருந்த பள்ளிச் சட்டத்தை அமல்படுத்தத் துணிந்தார்கள். தேதி குறித்துவிட்டு, அன்றைக்குச் சான்று கொண்டுவராத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். 89,109 பேரில் 7,418 பேர் வெளியே நின்றார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வெளியே இருந்தவர்கள் 51 பேருக்கும் குறைவு. அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலும் இதே கதை: சுமார் 50,000 பிள்ளைகளை நிறுத்தினார்கள், சில நாட்களிலேயே பெரும்பாலோர் ஊசி போட்ட சான்றோடு திரும்பி வந்துவிட்டார்கள். இதைச் சொல்லிக் கட்டாயத்தை ஆதரிப்பவர்கள் உண்டு. நான் இதில் பார்ப்பது வேறு. அந்த ஏழாயிரம் பேரில் கொள்கை எதிர்ப்பாளர்கள் ஒரு கைப்பிடிகூட இல்லை. மற்றவர்கள் மறந்தவர்கள், தள்ளிப்போட்டவர்கள், சீட்டைத் தொலைத்தவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கெடுவும், பக்கத்திலேயே ஊசி போட ஓர் இடமும்தான்.

எதிர்ப்பாளர்கள் பெருகிய காலத்தில் கதை மாறுகிறது. 2014 டிசம்பரில் கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பிறகு, 2015-ல் அந்த மாநிலம் ‘சொந்த நம்பிக்கை’ என்ற பெயரில் தந்துவந்த விலக்கை நீக்கியது. 2014–15-ல் 90 சதவீதத்தை ஒட்டியிருந்த மழலையர் வகுப்புத் தடுப்பூசி அளவு 2016–17-ல் 95.6 ஆக உயர்ந்தது. கூடவே மருத்துவக் காரணம் காட்டி விலக்கு வாங்குவோரும் பெருகினார்கள்; அதை அடைக்க 2019-ல் இன்னொரு சட்டம் போட வேண்டி வந்தது. டெக்சாஸில் மனசாட்சியின் பெயரால் விலக்கு வாங்க இன்றும் வழி உண்டு. 2025-ல் அங்கே மேற்குப் பகுதியில் 762 பேருக்குத் தட்டம்மை கண்டது. ஊசி போடாத இரண்டு பள்ளி வயதுக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் புளோரிடா மாநிலம் இந்தக் கட்டாயங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. ‘அமெரிக்காவைப் போல’ என்று எழுதியிருந்தீர்கள். எந்த மாநிலத்தைப் போல, எந்த ஆண்டைப் போல என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவைப் பற்றி இரண்டு வரி போதும். இத்தாலி 2017-ல் பத்துத் தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கியது. 87 சதவீதத்தருகே இருந்த தட்டம்மை முதல் தவணை இரண்டு மூன்று ஆண்டுகளில் 94-ஐ ஒட்டி வந்தது. சுவீடனில் எந்தக் கட்டாயமும் இல்லை, அங்கே வெகு காலமாக 95-க்கு மேல். ஆகவே கட்டாயம் பயன் தரும் என்பது உண்மை. கட்டாயம் இல்லாமல் முடியாது என்பது உண்மை அல்ல. இத்தாலியில் ஏறியதற்குச் சட்டம் எவ்வளவு காரணம், அதையொட்டி நாடு முழுக்க நடந்த பேச்சும் பிரசாரமும் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒன்றாக நடந்தவற்றைத் தராசில் தனித்தனியாக வைக்க முடியாது.

இனி நம் ஊர். எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்று தெரிந்ததும் என் பாட்டி என் அப்பாவை நெல் குதிருக்குள் இறக்கி மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டாராம். தாய் முத்துப் போடுவது மாரியம்மன் வருகை, அதை ஊசியால் தடுப்பது தெய்வக் குற்றம் என்று நினைத்த காலம். பெரியம்மை ஊசிக்கு அன்று சட்டக் கட்டாயம் இருந்தது. ஒளித்து வைக்கும் பாட்டிகளும் இருந்தார்கள். பெரியம்மையை ஒழித்த கடைசி ஆண்டுகளில் வட இந்தியக் கிராமங்கள் சிலவற்றில் இரவில் கதவை உடைத்துப் போய் ஊசி போட்டதும் நடந்திருக்கிறது. நோய் ஒழிந்தது, சந்தேகமில்லை. அந்த இரவுகளின் கசப்பும் பின்னால் வந்த திட்டங்களின் மேல் படிந்தது. போலியோவைப் பாருங்கள். சொட்டு மருந்து போடாத பிள்ளைக்குப் பள்ளி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வீடு வீடாக, பேருந்து நிலையம், ரயில், செங்கல் சூளை என்று போனோம். இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் தடுப்பூசி அளவு ஒருமுறை பலமாக விழுந்தது. 2005–06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் சுமார் 81 சதவீதம். 2015–16-ல் அது 69.7. பிறகு 2019–21-ல் 89.2. நடுவில் என்ன நடந்தது? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை. எங்களில் யாருமே தூங்கியிருக்க மாட்டோம். அதற்குப் பிறகு கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்களை வரச் சொன்னார்கள். எச்சரிக்கை புரிகிறது. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பேருந்து மாறி, கைக்குழந்தையோடு வர எல்லோராலும் முடியாது. பிற்பாடு கிராமங்களுக்கே மறுபடி போனோம். அளவு விழுந்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். பெரிய காரணம் இதுதான் என்பது அந்த ஆண்டுகளில் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணிப்பு. அன்றைக்குப் பள்ளிச் சட்டம் ஒன்று இருந்திருந்தால், ஊசியை ஊரைவிட்டு எடுத்துப் போனது ஒருவர், தண்டனை அனுபவிப்பது இன்னொருவர் என்றல்லவா ஆகியிருக்கும்?

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா இயக்கம் வந்தபோது பார்த்தது வேறு விதம். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும், பெரும்பாலும் பள்ளியிலேயே போடுவதாக ஏற்பாடு. அதற்குள் வாட்ஸ்அப்பில் மலட்டுத்தன்மை வரும், வெளிநாட்டுச் சதி என்று செய்தி சுற்றத் தொடங்கிவிட்டது. நான் பொறுப்பில் இருந்த பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் எரிச்சலில் இறைவணக்கக் கூட்டத்தில் “ஊசி போடாதவனுக்கு டி.சி. கிழிச்சுக் குடுத்துருவேன்” என்று சொல்லிவிட்டார். மறுநாள் நாங்கள் ஐஸ் பெட்டியோடு போனால் வகுப்புகளில் பாதி பெஞ்சு காலி. அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவர்கள்கூட, மிரட்டுகிறார்கள் என்றால் இதில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். ஒரு தகப்பனார் எழுந்து, “ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க பொறுப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா டாக்டரம்மா?” என்றார். ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் வரலாம், ஊசிக்குப் பயந்து சில பிள்ளைகள் மயங்கி விழும், லட்சக்கணக்கில் ஒன்றுக்குக் கடுமையான ஒவ்வாமை வரும், அதற்கான மருந்து இந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வட்டத்தையும் அதற்குள் உள்ள சதுரத்தையும் காட்டி, சதுரம் கறுத்துவிட்டால் மருந்து வெப்பத்தில் கெட்டுவிட்டது, போட மாட்டோம் என்றேன். குப்பி கை மாறிக் கை மாறிப் பின்வரிசை வரைக்கும் போய் வந்தது. கரும்பலகையில் என் செல்போன் எண்ணை எழுதினேன். அன்று இரவு பதினொரு அழைப்புகள். கை வலி, காய்ச்சல், ‘குளிக்க வைக்கலாமா’. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்த முறை போனபோது பெஞ்சுகள் நிறைந்திருந்தன. கடைசி வரைக்கும் மூன்று குடும்பங்கள் சம்மதிக்கவே இல்லை. அந்தப் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் படித்தார்கள். அவர்களை வெளியே அனுப்பியிருந்தால் யாருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வாசலில் நிற்பது எப்போதும் மறுக்கிற பெற்றோர் அல்ல என்பதற்கு இன்னொரு முகம் என் நினைவில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பம், ஆறு வயதுப் பெண். தாய் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்த காகிதங்களை எல்லாம் மேசைமேல் கொட்டிவிட்டாள்: ஆதார் நகல், முன்பண ரசீது, யாருடைய படமோ ஒன்று. தடுப்பூசி அட்டை மட்டும் இல்லை. பெண்ணின் இடது தோளில் பி.சி.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருந்தது, பிறந்தபோதாவது யாரோ பார்த்திருக்கிறார்கள். ஆசிரியை முதலில் பெயரை எழுதிக்கொண்டார், பிறகு எனக்குப் போன் செய்தார். அட்டை இல்லாத பிள்ளைக்கு வயதுக்குரியதைப் புதிதாகத் தொடங்கிவிடலாம். முன்பு போட்டதையே இன்னொரு முறை போட்டாலும் கெடுதல் இல்லை. பள்ளியிலேயே போட்டோம். அன்றைக்கு அந்த ஆசிரியை விதியைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்தப் பெண் சூளையில் ஈரக்கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருப்பாள். ஊசியும் போடப்பட்டிருக்காது.

பள்ளிக் கட்டாயத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை வயது சம்பந்தமானது. நம் அட்டவணையில் தட்டம்மை முதல் தவணை 9 மாதத்தில், இரண்டாவது 16 மாதத்துக்குப் பிறகு. கக்குவான் இருமல் கொல்வது பெரும்பாலும் பிறந்து சில மாதங்களே ஆன சிசுக்களை. ஐந்து வயதில் பள்ளி வாசலில் அட்டையைப் பார்க்கும்போது, பார்த்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது. வெள்ளம் வருமுன் அல்லவா அணை போட வேண்டும்? நமக்கு வேண்டிய வாசல் பிரசவ வார்டிலும் அங்கன்வாடியிலும் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தாய் சேய் அட்டையோடு, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண்ணும் இருக்கிறது; ஒரு தவணை தவறினால் அந்த வாரமே கிராம செவிலியர் வீட்டு வாசலில் நிற்க முடியும்.

பள்ளி வயதோடு கச்சிதமாகப் பொருந்துவது ஒன்று உண்டு. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியில், 5–6 வயதில் போட வேண்டிய ஊக்க ஊசி. அதிகம் பேர் மறப்பது இதைத்தான், ஏனென்றால் கைக்குழந்தைக் காலம் முடிந்ததும் அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. தொண்டை அடைப்பானுக்கு எதிரான சக்தி வயதோடு தேய்வதால் இது தேவை. 2016-ல் பக்கத்தில் கேரளத்தின் மலப்புரத்தில் அந்த நோய் பிள்ளைகளைக் கொண்டுபோனது நினைவிருக்கலாம். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கழுத்து தாடை வரைக்கும் வீங்கி, வாயைத் திறந்தால் தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படிந்திருந்தது. தொட்டால் ரத்தம் கசியும். எதிர்மருந்து கொடுத்தோம். வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் காலை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். அன்று மதியம் அவன் இதயம் நின்றுவிட்டது. அந்த நோயின் நஞ்சு தொண்டையோடு நிற்காது, இதயத்துக்கும் போகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இனி உங்கள் மைத்துனர் சொன்னது. இதில் எனக்குச் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. 1998-ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. 2010-ல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் பெற்றோருக்கு அப்படித் தோன்றுகிறது? பேச்சு வராதது, கண்ணைப் பார்க்காதது போன்ற அறிகுறிகள் தெரியத் தொடங்குவதும் இரண்டாவது தவணை வருவதும் ஏறக்குறைய ஒரே வயதில். அந்தத் தாய்மார்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது உண்மை, ஒன்றன் பின் ஒன்றாக நடந்ததும் உண்மை, ஒன்றினால் மற்றொன்று நடக்கவில்லை.

உங்கள் மகனுக்கு வந்த காய்ச்சலும் உண்மைதான். இந்த ஊசி போட்டு 7 முதல் 12 நாளுக்குள் நூற்றில் ஐந்து முதல் பதினைந்து குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். சிலருக்கு லேசாகத் தடிக்கும். மூவாயிரம் நாலாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு அந்தக் காய்ச்சலில் வலிப்பும் வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் தடயமின்றிப் போய்விடும். இதை ஊசி போட்ட அன்றே உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் நீங்கள் பயந்திருக்க மாட்டீர்கள். அது எங்கள் தரப்பின் குறை. உங்கள் பயத்தைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதற்காகக் கட்டாயம் கேட்பவர்களின் நியாயத்தை நான் தள்ளிவிடவில்லை. தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து, எதிர்ப்புச் சக்தி இல்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவும். 95 சதவீதம் பேருக்காவது இரண்டு தவணையும் போய்ச் சேர்ந்தால்தான் பரவல் அறுபடும். ஆறு மாதக் குழந்தைக்கு ஊசி போடும் வயது வரவில்லை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போடவே முடியாது. அந்தப் பிள்ளையின் தாய், “என் மகனோடு உட்காருகிறவர்கள் எல்லாம் ஊசி போட்டவர்களா?” என்று கேட்டால், “அது அவரவர் விருப்பம்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு ஊரில் நோய் பரவிக்கொண்டிருக்கும்போது, ஊசி போடாத பிள்ளைகளைச் சில வாரங்கள் வீட்டில் இருக்கச் சொல்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அது அந்தப் பிள்ளைகளையும் காப்பாற்றும். நிரந்தரமாகச் சேர்க்கையை மறுப்பது வேறு.

இன்னொன்றையும் கட்டாயம் பேசுகிறவர்கள் சொல்வதில்லை. அமெரிக்காவில் தடுப்பூசியால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு தர 1986-ல் சட்டம் வந்தது. குழந்தைத் தடுப்பூசிகளுக்கென்று இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. எல்லோர் நலனுக்காகவும் உன் பிள்ளையின் கையை நீட்டு என்று அரசு கட்டளையிடும் என்றால், லட்சத்தில் ஒன்றாக அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நேரும்போது ஓடிவந்து தாங்கவும் வேண்டும். அது வரும் முன் கட்டாயம் வருவதை நான் ஒப்ப மாட்டேன்.

ஆகவே என் நிலை இது. எல்லாப் பள்ளியும் ஒன்றாம் வகுப்பிலும் மழலையர் வகுப்பிலும் அட்டையைக் கட்டாயமாகக் கேட்கட்டும். குறை இருந்தால் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, பெயரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். ஒரு மாதத்துக்குள் செவிலியர் பள்ளிக்கே வந்து, பெற்றோர் சம்மதத்தோடு போடட்டும். 5-ஆம் வகுப்பிலும் 10-ஆம் வகுப்பிலும் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான டி.டி. ஊசியை இப்படித்தான் பள்ளியில் போட்டுவருகிறோம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மறுக்கிறவர்களிடம் ஒரு மருத்துவர் உட்கார்ந்து பேசட்டும், அதன் பிறகும் மறுத்தால் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். எதிர்ப்பாளர்கள் கலிபோர்னியா அளவுக்கு இங்கே பெருகிவிட்டால் நான் மனம் மாறக் கூடும். இன்றைய தமிழ்நாட்டில் விட்டுப்போன பிள்ளைகளில் பெரும்பாலோர் மறுக்கப்பட்டவர்கள் அல்ல, மறக்கப்பட்டவர்கள் என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன். மருத்துவர்களிலேயே என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் பிள்ளைகள் மேல் இதே அக்கறைதான்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். நேரில் பார்க்காத பிள்ளை என்பதால் இதை உங்கள் மருத்துவரிடமும் காட்டுங்கள். அவனுக்கு விட்டுப்போனவை தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு முதல் ஊக்க ஊசி, போலியோ ஊக்கச் சொட்டு. அரசுத் திட்டத்தில் தட்டம்மை ஊசிக்கு 5 வயது வரையிலும், முத்தடுப்புக்கு 7 வயது வரையிலும் நேரம் இருக்கிறது. மூன்றையும் ஒரே நாளில் கொடுக்கலாம்; ஊசிகள் இரண்டையும் வெவ்வேறு இடத்தில் போடுவார்கள், சொட்டு வாயில். பணம் கிடையாது. முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்தில் தொடரலாம். அடுத்த ஊக்க ஊசி ஐந்து வயது முடிந்ததும். முன்பு வந்த காய்ச்சலும் தடிப்பும் இப்போது போடுவதற்குத் தடை அல்ல. அன்றைக்கு மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வலிப்போ இருந்திருந்தால் மட்டும், ஊசி போடும் முன்பே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். எட்டாம் நாள் வாக்கில் உடம்பு சுட்டால் பாராசிட்டமால் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள். அட்டை தொலைந்திருந்தால் பிரசவம் பார்த்த இடத்திலோ உங்கள் பகுதி செவிலியரிடமோ பிக்மி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பதிவேட்டைப் பார்த்துப் புதிய அட்டை எழுதித் தருவார். வருகிற புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனால் கூட்டம் குறைவாக இருக்கும்; பையனுக்குப் பிடித்ததாக ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்து அழைத்துப் போங்கள், ஊசி போடும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.